மேற்கோள் எண் பதினெட்டு

ஆகஸ்ட் மாதத்தின் இரண்டாம் திங்கட்கிழமை, காலை பதினோரு மணிக்கு, திருநெல்வேலி டாக்டர் மெஹருன்னிசாவின் கட்டுரை மங்கையர்க்கரசியின் திரைக்கு வந்தது. முப்பத்திரண்டு மேற்கோள்கள். முப்பத்தொன்றைக் கணினி தானே ஒழுங்குபடுத்திவிட்டிருந்தது. ஒன்பதாவது மட்டும் சிவப்பில் நின்றது. பொருந்தவில்லை என்று அர்த்தம்.

புதுச்சேரியில் மருத்துவ இதழ்களுக்குக் கட்டுரை திருத்திக் கொடுக்கும் நிறுவனம் அது. மங்கை இருபத்தைந்து வயதில் அங்கே சேர்ந்தபோது ஒரே தளத்தில் இருநூறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஆண்டுக்குப் பின் அரைப்புள்ளி, தொகுதி எண்ணுக்குப் பின் முக்காற்புள்ளி, ஆறு ஆசிரியருக்கு மேல் இருந்தால் 'மற்றும் பலர்' என்று நாள் முழுக்க மேற்கோள் பட்டியல்களைச் சீர்செய்வார்கள். இப்போது அவளுக்கு நாற்பத்து நான்கு வயது. அந்த வேலைக்கு மிஞ்சியிருந்தவர்கள் அவளும், பக்கத்து மேசை லூர்துநாதனும் மட்டும். இயந்திரத்தால் தீர்க்க முடியாததை ஒருவர் படித்துத் தீர்க்க வேண்டும், இன்னொருவர் சரிபார்த்துக் கையெழுத்திட வேண்டும். 'மனிதர் சரிபார்த்தது' என்ற முத்திரைக்கு அந்த இரண்டு கையெழுத்தும் தேவை.

அந்த முத்திரைக்கு மதிப்பு வந்தது சான்றகம் வந்த பிறகுதான். உலகத்து மருத்துவக் கட்டுரைகளையெல்லாம் ஓயாமல் படித்துக்கொண்டிருக்கும் ஓர் இயந்திரம் அது. எந்தக் கட்டுரையை எத்தனை பேர், எதற்காக மேற்கோள் காட்டுகிறார்கள் என்று எண்ணும். அந்த எண்ணிக்கையை வைத்து மருந்தின் அளவைத் தீர்மானித்து, மருத்துவமனைகளில் ஊசிமருந்து ஏற்றும் பம்புகளுக்கும் மருந்துச் சீட்டு அச்சிடும் கணினிகளுக்கும் நேரடியாக அனுப்பிவிடும். மருத்துவர் அளவை மாற்ற விரும்பினால் ஆதாரமாக ஒரு கட்டுரையின் எண்ணைக் கொடுக்க வேண்டும். எண் பொருந்தாவிட்டால் பம்பு பூட்டிக்கொள்ளும், சீட்டு அச்சாகாது.

மங்கை திருநெல்வேலிக்குத் தொலைபேசினாள்.

"டாக்டர் மேடம், பாண்டிச்சேரிலேருந்து மங்கை பேசறேன். உங்க கட்டுரைல ஒம்பதாவது ரெஃபரன்ஸ் பொருந்தல."

"அது நான் எழுதுன பேப்பர்தானம்மா. இருபத்தோரு வருசத்துக்கு முந்தி."

"ஆமா மேடம். கிட்னி பழுதான பிள்ளைங்களுக்கு ஓரிமைசின் முழு டோஸ் கொடுத்தா காது போயிடும், பாதிதான் கொடுக்கணும்னு அதுல இருக்கறதா எழுதியிருக்கீங்க. ஆனா அதுல அப்படி இல்லையே. முழு டோஸ் பாதுகாப்பானதுன்னுதான் இருக்கு."

மறுமுனையில் யாரோ ஒரு நர்ஸ் ஏதோ கேட்பதும், டாக்டர் "பொறு" என்பதும் கேட்டது.

"படிங்க, கேப்போம்" என்றார் டாக்டர்.

மங்கை சான்றகத்தில் இருந்த கட்டுரையின் முடிவுரையைப் படித்தாள்.

"தலைப்பு என்னுது. பேரு என்னுது. இந்த வாக்கியம் என்னுது இல்ல" என்றார் மெஹருன்னிசா. "மூணு வருசம் அந்த வார்டுல கெடந்தேன். ஒவ்வொரு பிள்ளை காதுகிட்டயும் மணி அடிச்சுப் பாத்து எழுதுனேன். எனக்குத் தெரியாதா?"

"ரொம்ப வருஷம் ஆச்சு மேடம். சில நேரம்..."

"மறதின்னு சொல்ல வாறீங்க. சரி. நாலு வருசம் முன்னால எங்க ஆஸ்பத்திரிக்கு இந்தப் பம்பு வந்துச்சு. அதுக்கு முன்னால நான் கையால பாதியாக் குறைச்சுக் கொடுத்துக்கிட்டு இருந்தேன். ஒரு பிள்ளைக்குக்கூட காது போகல. இப்ப குறைச்சா மெசினு ஆதாரம் கேக்கு. என் பேப்பர் நம்பரப் போட்டா பூட்டிக்கிடுது. ஓரிமைசின் கொல்லுத கிருமிக்கு வேற மருந்தும் கெடையாது. இதுவரைக்கும் எட்டுப் பிள்ளைங்க. பேரச் சொல்லிக் கூப்பிட்டாத் திரும்பல. அதத்தான் இந்தக் கட்டுரைல எழுதியிருக்கேன். அதையும் நீங்க பொருந்தலங்கீங்க."

மறுநாள் ஒரு புகைப்படம் வந்தது. ஆசிரியருக்கென்று இதழ் அந்தக் காலத்தில் அனுப்பிய அச்சுப் பிரதி. பழுத்த தாள், ஓரத்தில் துருப்பிடித்த குண்டூசி. முடிவுரையில் டாக்டர் பேனாவால் கோடு போட்டிருந்தார். அவர் சொன்னது அப்படியே இருந்தது. முழு அளவு பாதுகாப்பானதல்ல.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மங்கை வரிவரியாக ஒப்பிட்டாள். தலைப்பு, ஆசிரியர், ஆண்டு, பக்க எண், அட்டவணையில் இருந்த பிள்ளைகளின் எண்ணிக்கை எல்லாம் ஒன்று. முடிவு மட்டும் வேறு.

"லூர்து சார், இத கொஞ்சம் பாருங்களேன்."

லூர்துநாதன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு வந்து பார்த்தார். அவருக்கு ஐம்பது வயது. அதிகம் பேசமாட்டார். சான்றகத்தின் மாற்றப் பதிவேட்டை எப்படித் திறப்பது என்பது அவருக்குத் தெரியும்.

"எட்டு வருஷத்துக்கு முன்னாடி மாத்தியிருக்கு" என்றார். "'இணக்கப்படுத்தப்பட்டது'ன்னு போட்டிருக்கு."

"யாரு மாத்தினது?"

"யாரும் இல்ல. அதுவே. இந்தப் பேப்பர ஆதாரமாக் காட்டினவங்க எல்லாருமே முழு டோஸ் பாதுகாப்புன்னுதான் காட்டியிருக்காங்க. பேப்பர் மட்டும் வேற சொல்லுது. அத்தனை பேரும் தப்பா இருக்க மாட்டாங்க, பேப்பர ஸ்கேன் பண்ணும்போது ஒரு சொல் விட்டுப்போயிருக்கும்னு அது முடிவு பண்ணிருக்கு."

"அத்தனை பேரும் எப்படி சார் தப்பாக் காட்டுவாங்க?"

"யாரு மூலக் கட்டுரையத் திறந்து படிக்கறா மங்கை? முன்னாடி எழுதினவரோட லிஸ்ட்லேருந்து எடுத்து ஒட்டறாங்க. மொதல்ல ஒருத்தர் தப்பா போட்டிருப்பாரு."

அந்த முதல் ஒருத்தரைத் தேடினார்கள். ஆண்டுகளின் வழியே பின்னோக்கிப் போகப் போக மேற்கோள்கள் ஆயிரங்களிலிருந்து நூறுகளாகி, பத்துகளாகி, மாலை நாலு மணிக்கு ஒரே ஒரு கட்டுரையில் வந்து நின்றன. பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன் வெளியான ஒரு மதிப்பாய்வு. அதன் இரண்டாம் அட்டவணையில் 'முழு அளவு, பாதுகாப்பானது' என்ற வரிக்கு எதிரே மேற்கோள் எண் பதினெட்டு. பட்டியலில் பதினெட்டாவது டாக்டர் மெஹருன்னிசா. பதினேழாவதாக இருந்ததோ வேறு ஒரு மருந்தைப் பற்றிய கட்டுரை. மருந்தின் பெயர் போடாத அந்த வரிக்கு உரியது அதுதான்.

திருத்தும் வேலை நடந்தது இதே நிறுவனத்தில். பழைய கோப்பு இருந்தது. பதினொன்றாம் மேற்கோள் இருமுறை வந்திருப்பதைக் கண்டு திருத்தியவர் ஒன்றை நீக்கியிருந்தார். அதன் பின் வந்த எண்கள் எல்லாம் ஒன்று குறைய வேண்டும். கட்டுரை முழுவதும் சரியாகக் குறைத்திருந்தார். அட்டவணைக்குள் இருந்த ஓர் எண்ணை மட்டும் விட்டுவிட்டார். பதினெட்டு பதினேழாக வேண்டியது, பதினெட்டாகவே நின்றுவிட்டது.

கோப்பின் கீழே திருத்தியவரின் எழுத்துகள் இருந்தன. ம. க.

லூர்துநாதன் அதைப் பார்த்தார். பிறகு தன் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டு தன் மேசைக்குப் போய்விட்டார்.

மங்கைக்கு அந்தக் கட்டுரை நினைவில்லை. வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் மாதம். ஒரு நாளைக்கு எட்டுக் கட்டுரை முடிக்க வேண்டியிருந்த காலம். நினைவுக்குக் கொண்டுவர எவ்வளவோ முயன்றாள். வரவேயில்லை. அதுதான் அவளை அதிகம் பயமுறுத்தியது.

மறுநாள் மேலாளர் ஹேமச்சந்திரனிடம் போய் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கடைசிவரை குறுக்கிடாமல் கேட்டார்.

"திருத்தம் போட்டுடுங்க. முறைப்படி அதான் செய்யணும்" என்றார்.

போட்டாள். நான்காம் நாள் சான்றகத்திலிருந்து பதில் வந்தது.

'திருத்தம் பெறப்பட்டது. இது 3,911 மேற்கோள்களுக்கு முரணாக உள்ளது. இணைத்த படம் படியெடுப்புப் பிழையாகக் கருதப்படுகிறது. ஏற்கப்படவில்லை.'

"மனுஷங்க யார்கிட்டயாவது பேசலாம் சார்" என்றாள் மங்கை.

"யாரு இருக்காங்க அங்க? அப்படியே கேட்டாலும் என்ன ஆகும் தெரியுமா? பத்தொம்பது வருஷமா நாம திருத்தின கட்டுரை அத்தனையும் திறக்கச் சொல்லுவாங்க."

"திறக்கட்டும் சார்."

"யாரு திறந்து படிக்கறது? நீங்களும் லூர்துவுமா?" அவர் குரலில் கோபம் இல்லை. "ஒரு மனிதர் முத்திரைக்கு அது இருபது மேற்கோள் மதிப்புக் கொடுக்குது. அந்த டாக்டரோட புதுக் கட்டுரைய நீங்க முத்திரை போட்டு அனுப்புங்க. அது நம்மால முடிஞ்சது. மூவாயிரத்துத் தொள்ளாயிரத்துக்கு எதிர்ல இருபது. அதுக்கு மேல விட்டுடுங்க மங்கை."

அதற்கடுத்த சனிக்கிழமை அவள் திருநெல்வேலிக்குப் போனாள். தொலைபேசியில் சொல்லக்கூடிய விஷயமாக அது தோன்றவில்லை.

டாக்டர் மெஹருன்னிசா உயரமாக, தலையில் வெள்ளை முக்காடும் கையில் வார்டுக் கோப்புமாக வந்தார். அறைக்குக் கூட்டிப் போகாமல் நேரே வார்டுக்குக் கூட்டிப் போனார். ஜன்னலோரக் கட்டிலில் ஒன்பது வயதுப் பெண் ஒருத்தி வண்ணப் பென்சிலால் எதையோ வரைந்துகொண்டிருந்தாள். பின்னாலிருந்து அவள் அம்மா, "சுடரு, டாக்டரம்மா வந்துருக்காங்க பாரு" என்றாள். பெண் வரைந்துகொண்டே இருந்தாள். அம்மா சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டு மகளின் தோளைத் தொட்டாள்.

"மூணு மாசம் ஆச்சு. பேரச் சொல்லிக் கூப்பிடுத பழக்கம் இன்னும் விடமாட்டேங்கு" என்றாள் மங்கையிடம், மன்னிப்புக் கேட்பதுபோல.

அறைக்கு வந்து உட்கார்ந்ததும் மங்கை சொன்னாள். நீக்கிய பதினொன்றை, விட்டுப்போன பதினெட்டை, கோப்பின் கீழே இருந்த தன் எழுத்துகளை. சொல்லி முடித்தபோது அழுதுவிடுவோமோ என்று இருந்தது. டாக்டரின் முகம் அதற்கு இடம் கொடுக்கவில்லை.

"உங்க வருத்தத்த வச்சு நான் என்ன செய்ய?" என்றார் மெஹருன்னிசா. "வாற வாரம் இன்னும் ரெண்டு பிள்ளைங்களுக்கு இந்த மருந்து ஏத்தணும். ஏத்தாட்டி உயிர் போயிரும். ஏத்துனா காது போயிரும். அந்தப் பிள்ளைங்க அம்மாட்ட எதுன்னு நான் கேக்கணும். அந்தக் கணக்க மாத்த யாரால முடியும்னு சொல்லுங்க. அது போதும்."

மங்கை பகல் ரயிலில் திரும்பும்போது, விருதுநகர் தாண்டியதும், கைப்பைக்குள்ளிருந்த ரசீதின் பின்பக்கத்தில் 3,911-ஐ இருபதால் வகுத்தாள். நூற்றுத் தொண்ணூற்றாறு முத்திரை போட்டால் அந்தப் பக்கத்தை மிஞ்சிவிடும்.

முதல் முத்திரை டாக்டரின் கட்டுரைக்கே விழுந்தது. இரண்டாவதிலிருந்து அது வேறு வேலையாகிவிட்டது.

சிறுநீரகம், தொற்று, குழந்தைகள் என்று எந்தக் கட்டுரை வந்தாலும் அவள் அதில் ஒரு வாக்கியத்தைத் தேடினாள். 'சிறுநீரகம் பழுதானவர்களுக்கு இத்தகைய மருந்துகளைக் குறைத்தே தர வேண்டும்' என்று யாராவது, எங்காவது எழுதியிருப்பார்கள். அந்த வாக்கியத்தின் எண்ணை மாற்றி, பட்டியலில் டாக்டர் மெஹருன்னிசாவின் பழைய கட்டுரையைச் செருகினாள். எழுதியவர்கள் ஓரிமைசினைப் பற்றி நினைத்தே இருக்கமாட்டார்கள். மெஹருன்னிசா என்ற பெயரையே கேள்விப்பட்டிருக்கமாட்டார்கள். முத்திரை இட்டாள். இரண்டாம் கையெழுத்துக்கு லூர்துநாதனுக்கு அனுப்பினாள்.

முதல்முறை அவர் திரையை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். மங்கை தன் விசைப்பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கையெழுத்து வந்து சேர்ந்தது. அதன் பிறகு அவர் அவ்வளவு நேரம் எடுத்துக்கொள்ளவில்லை. அவர் அனுப்பியவற்றை அவளும் நிறுத்திப் படிப்பதில்லை. அவர் அவளைப் படிக்காமல் விடும்போது அவள் எந்த முகத்தோடு அவரைப் படிப்பாள்?

வெளியே அனுப்பும் முன் ஒவ்வொரு கட்டுரையும் எழுதியவர்களின் பார்வைக்குப் போகும். ஏழு மாதத்தில் ஒரே ஒரு மருத்துவர், குவாஹாட்டியில் இருந்தவர், நான் காட்டாத மேற்கோள் ஒன்று என் பட்டியலில் இருக்கிறதே என்று கேட்டார். மென்பொருள் கோளாறு என்று எழுதி, மங்கை அதை நீக்கினாள். மற்றவர்கள் ஒன்றும் கேட்கவில்லை. மாட்டிக்கொள்வோமோ என்ற பயம் போய், இது இத்தனை சுலபமா என்ற பயம் வந்தது.

மார்ச் மாதம், பத்தொன்பதாம் தேதி, நூற்றுத் தொண்ணூற்றாறாவது கட்டுரை வெளியானது. அன்று பிற்பகல் அவள் சான்றகத்தைத் திறந்து மெஹருன்னிசாவின் பழைய கட்டுரையைப் பார்த்தாள். முழு அளவு பாதுகாப்பானதல்ல என்று இருந்தது. அறிவிப்பு இல்லை, விளக்கம் இல்லை. என்றைக்கும் அப்படியே இருந்ததுபோல இருந்தது.

மறுநாள் காலை டாக்டர் அழைத்தார்.

"பம்பு தானாவே பாதியாக் குறைச்சுட்டு. நான் எதையும் தொடல."

"சந்தோஷம் மேடம்."

"எப்படின்னு நான் கேக்கல. கேக்கணுமா?"

"வேண்டாம் மேடம்."

"சரிம்மா" என்று வைத்துவிட்டார்.

அதற்குப் பின் மூன்று வாரம் மங்கை நன்றாகத் தூங்கினாள்.

ஏப்ரலில் ஒரு நாள் நெட்வொர்க் வேலைசெய்யாமல் அரைமணி நேரம் சும்மா உட்கார வேண்டியிருந்தது. கையெழுத்துக்காக லூர்துநாதன் அனுப்பியிருந்த கட்டுரை அவள் திரையில் திறந்தபடி இருந்தது. செய்ய வேறொன்றும் இல்லாததால் படித்தாள். மூன்றாம் அட்டவணை. செரிட்டால் என்ற வலிப்பு மருந்தைப் பிள்ளைகளுக்கு ஆறு மாதத்துக்கு மேல் தரக் கூடாது, நினைவாற்றல் கெடும் என்று ஒரு வரி. அதற்கு மேற்கோள் இருபத்திரண்டு. பட்டியலில் இருபத்திரண்டாவதைப் பார்த்தாள். செரிட்டாலைப் பல ஆண்டுகள் கொடுத்து ஆராய்ந்த கட்டுரை அது. முடிவு அவளுக்குத் தெரியும். பாதுகாப்பானது என்பதுதான்.

நெட்வொர்க் வந்ததும் அவருடைய பழைய கோப்புகளைத் திறந்தாள். டிசம்பரிலிருந்து நடந்துவந்திருக்கிறது. நூற்றுப் பதினான்கு கட்டுரைகள். ஒவ்வொன்றின் கீழும் இரண்டாம் கையெழுத்து அவளுடையது.

"லூர்து சார். இந்த இருபத்திரண்டு தப்பா இருக்கு."

அவர் திரும்பவில்லை. "தெரியும்."

"உங்ககிட்ட அச்சுப் பிரதி இருக்கா?"

"இல்ல."

"எழுதின டாக்டர்கிட்ட பேசினீங்களா?"

"அவரு செத்து ஆறு வருஷம் ஆச்சு."

"அப்புறம் எப்படித் தெரியும் உங்களுக்கு?"

இப்போது திரும்பினார். கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"எம் பொண்ணு ரெண்டு வருஷமா அத சாப்பிடறா. கணக்குல நூத்துக்கு நூறு வாங்கினவ. போன மாசம் வீட்டுக்கு வர வழி தெரியாம பீச்சுல உக்காந்திருந்தா. நிறுத்துங்கன்னு டாக்டர் காலப் பிடிச்சேன். நாமளா சட்டுனு நிறுத்தினா ஆபத்து, வேற மருந்துக்கு மாத்த மெஷின் ஒத்துக்காதுங்கறாரு."

"மருந்தாலதானா? வியாதியே அப்படிப் பண்ணலாமில்ல சார்?"

"பண்ணலாம்."

"அது இல்லாம வலிப்பு நிக்காத பிள்ளைங்க இருந்தா?"

"இருக்கலாம்." அவர் குரல் தாழ்ந்தது. "இதான் கடைசி மங்கை. இதோட தாண்டிடும். நீங்க நூத்தித் தொண்ணூத்தாறு தடவ அனுப்பினீங்க. நான் ஒரு கேள்வி கேட்டேனா?"

அவள் சான்றகத்தில் செரிட்டால் கட்டுரையைத் திறந்தாள். 'நீண்டகாலம் தருவது பாதுகாப்பானது.' திரும்பத் திரும்பப் படித்தாள். ஒரு மனிதர் எழுதிய வாக்கியமா, இணக்கப்படுத்தப்பட்டதா என்று எழுத்தைப் பார்த்து எப்படித் தெரியும்? மாற்றப் பதிவேட்டைத் திறந்தாள். அந்த ஆண்டின் பதிவுகள் இடம் சேமிப்பதற்காக நீக்கப்பட்டன என்றது. மருத்துவக் கல்லூரி நூலகத்துக்குத் தொலைபேசினாள். பழைய இதழ்களை மூன்று வருடம் முன்பே எடைக்குப் போட்டுவிட்டோம் என்றார்கள்.

கையெழுத்திட மறுத்தால் காரணம் எழுத வேண்டும். எழுதினால் தணிக்கை வரும். லூர்துநாதன் தொட்டதெல்லாம் திறக்கும், அதில் அவளுடைய நூற்றுத் தொண்ணூற்றாறும் திறக்கும், திருநெல்வேலியில் பம்பு மறுபடி முழு அளவுக்குப் போகும். ஜன்னலோரக் கட்டில் நினைவுக்கு வந்தது. அதில் இந்நேரம் வேறொரு பிள்ளை படுத்திருக்கும்.

கையெழுத்திட்டாள்.

லூர்துநாதன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரும்பி உட்கார்ந்தார்.

மே மாதம் ஒரு புதன்கிழமை அவர் ஒரு டப்பாவில் கேக் கொண்டுவந்தார். மகள் வீட்டில் செய்தது. மருந்தை நிறுத்தி இரண்டு வாரம் ஆகிறது, நேற்று தானாகவே கடைக்குப் போய் மைதாவும் முட்டையும் வாங்கி வந்தாள், பாக்கிச் சில்லறைகூட சரியாகக் கேட்டு வாங்கியிருக்கிறாள் என்றார். இத்தனை வருடத்தில் அவர் இவ்வளவு பேசி மங்கை கேட்டதில்லை. கேக் நன்றாக இருந்தது. இரண்டாம் துண்டைக் கையில் எடுத்தபோது தொலைபேசி அடித்தது. திருநெல்வேலி எண்.

"மங்கை, மெஹருன்னிசா பேசுதேன்." பின்னால் வார்டில் ஆட்கள் ஓடும் சத்தம் கேட்டது. "செரிட்டால்னு ஒரு வலிப்பு மருந்து. ரெண்டு வாரம் முன்னால மெசினு திடீர்னு நிறுத்திட்டு. எல்லா ஊர்லயும் அப்படித்தானாம். இங்க மூணு பிள்ளைங்களுக்கு விடியக்காலத்துலேருந்து வலிப்பு நிக்கல. வேற எதுக்கும் கேக்கல. ஒரு பிள்ளை தாங்காது போலுக்கு. நான் முப்பது வருசமா கொடுக்குத மருந்தும்மா, ஒண்ணும் ஆனதில்ல." மூச்சு வாங்கினார். "என் பேப்பர் மாதிரி இதுலயும் எங்கயோ ஒரு நம்பர் மாறிப்போயிருக்கும். உங்களுக்குத்தான் கண்டுபிடிக்கத் தெரியும். கொஞ்சம் பாத்துச் சொல்லுதீங்களா?"

லூர்துநாதன் டப்பாவை மூடாமல், அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாக்கறேன் மேடம்" என்றாள் மங்கை.